எடுத்து வைத்த இன்னொரு முடிவு

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு நானும் அம்மாவும் நலம். அங்கு நீயும் நலமாயிருக்கிறாய் என்று நாங்களாகவே எண்ணிக்கொள்கிறோம். கைக்கான பயிற்சியை மட்டும் நிறுத்திவிடாதே.

கல்லூரி நாட்களில் நீ ஓயாமல் பேசிய ‘தி கிரேட் சைலன்ஸ்’ படத்தைத் தேடிப் பிடித்துப் பார்த்தேன். கௌபாய் படமென்றால் வெயிலும் புழுதியும்தான் என்றிருந்த எனக்கு, செர்ஜியோ கொர்புச்சி 1968-இல் இத்தாலிய மலைகளில் எடுத்து அமெரிக்காவின் யூட்டா என்று காட்டிய அந்தப் பனி புதிதாக இருந்தது. சிறுவயதிலேயே கொலைகாரர்கள் தொண்டையை அறுத்துவிட்டதால் பேச்சிழந்த ஒருவன், எதிராளி முதலில் துப்பாக்கியை உருவும்வரை பொறுத்திருந்து, உருவிய நொடியில் மவுசர் பிஸ்டலால் சுடுகிறான். சட்டத்தின் கண்ணில் அது தற்காப்பாகிவிடுகிறது. அவனுடைய வேகத்தைவிட அந்தப் பொறுமைதான் எனக்குப் பிடித்திருந்தது. அவன் பேசாததற்குக் காரணம் இருந்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டே பேசாதவர்களைப் பற்றி நான் இங்கே ஒன்றும் சொல்லவில்லை. இருபது வயதில் இப்படியொரு படத்தை இனங்கண்டவன் என் மகன் என்று அம்மாவிடம் பெருமையாகத்தான் சொன்னேன்.

ஆனால் முடிவை நீ கொண்டாடியதை என்னால் ஏற்க முடியவில்லை. கை தீயில் பொசுங்கிய பிறகும் பிணைக்கைதிகளுக்காக அவன் வெளியே வருகிறான். வில்லனாக வரும் கிளவுஸ் கின்ஸ்கியின் கும்பல் அவனைச் சுட்டுத் தள்ளிவிட்டுப் போகிறது. அதே படத்துக்கு, பொசுங்கிய கைக்கு இரும்புக் கையுறை மாட்டிக்கொண்டு அவன் பிழைக்கும் இன்னொரு முடிவையும் எடுத்து வைத்திருந்தார்களாமே, அதை ஏன் நீ ஒருநாளும் சொல்லவில்லை? செயற்கையானது என்பாய். இருக்கட்டும்.

நடந்த கதையையும் பார். அமெரிக்காவின் டூம்ஸ்டோன் நகரில் 1881 டிசம்பர் 28 இரவு மறைந்திருந்து சுட்டதில், அந்நாளைய காவல் அதிகாரி வர்ஜில் ஏர்ப்பின் இடது கை நிரந்தரமாகச் செயலிழந்தது. அதே மனிதரை 1887-இல் கலிபோர்னியாவின் கோல்ட்டன் நகரத்தார் வாக்களித்துத் தங்கள் மார்ஷலாக, அதாவது நகரக் காவல் தலைவராக, ஆக்கினார்கள். அது இடது கைதானே, வலது கையில்லையே என்று நீ வாதாடுவாய். வாதாடு, ஞாயிற்றுக்கிழமை போன் செய்து வாதாடு. பயிற்சிக்குப் போகிறாயா என்பதையும் அப்போதே சொல்லிவிடு, அம்மா பக்கத்தில்தான் இருப்பாள்.

அன்புடன்,
அப்பா