நீர்முள்ளி அனுப்பவில்லை

அன்பு மகள் பேச்சிக்கு அப்பா எழுதுவது.

நாளைக்கு இங்கிலாந்துக்குக் கிளம்பும் பார்சலில் நீர்முள்ளி மூலிகை இருக்காது. அதற்காக உன் அம்மாவிடம் சண்டைக்குப் போகாதே. அவள் மடித்துத்தான் வைத்தாள், வெளியே எடுத்தது நான். எதிர்வீட்டு மருமகளுக்குக் கால் வீக்கம் என்று சொல்லித்தான் நம் நாட்டுமருந்துக் கடையில் வந்து வாங்கிக்கொண்டு போனாள். அந்தப் பிள்ளைக்குப் பேறுகாலம் முடிந்து, குழந்தை கையில் வசம்பும் கட்டியாயிற்று என்பது ராத்திரி படுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. "கால் வீக்கம் யாருக்கு?" என்று கேட்டேன். உன் அம்மா திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கால் வீங்குவது பெரிய விஷயமில்லை. எட்டாம் மாதம் தாண்டினால் நிறையப் பேருக்கு வருவதுதான். சாயங்காலம் வீங்கும், காலை உயர்த்தி வைத்துப் படுத்தால் விடியும்போது வடிந்துவிடும். ஆனால் அப்பாவிடம் சொல்லாதே என்று ஏன் சொன்னாய்? சாதாரண வீக்கத்தை யாரம்மா மறைப்பார்கள்? போனில் கேட்டால் "நல்லா இருக்கேன்ப்பா" என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளையிடம் கொடுத்துவிடுகிறாய். அவரும் நல்லா இருக்காள் மாமா என்கிறார். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கடைப் பையனை விட்டுப் படம் பிடித்து உங்கள் இரண்டு பேர் போனுக்கும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

நீர்முள்ளியை நான் குறைத்துச் சொல்லவில்லை. தாத்தா காலத்திலிருந்து அந்தப் பெட்டி காலியாக இருந்ததே இல்லை. குளத்தங்கரையில் ஊதாப் பூவோடு நிற்கும் செடி, காய்ந்த பிறகும் மடிக்கும்போது முள் விரலைப் பதம் பார்க்கும், உனக்குத் தெரியாததா. கஷாயம் வைத்துக் குடித்தால் நீர் நன்றாகப் பிரியும், வீக்கம் வடியும். எனக்குப் பயமே அந்த வடிவதில்தான். பிரஷர் ஏறியதால் வந்த வீக்கமாக இருந்தால் கால் வடிந்துவிடும், பிரஷர் அங்கேயே நிற்கும். கால் நன்றாகத்தானே இருக்கிறது என்று நீயும் செக்கப்பைத் தள்ளிப்போடுவாய். அதோடு அந்த மாதிரி நேரத்தில் ரத்தக் குழாயில் ஓடவேண்டிய நீரே குறைந்துபோய், வெளியே கசிந்துதான் உடம்பு ஊதியிருக்கும். அதில் இன்னும் நீரை இறக்கினால் நல்லதா? கர்ப்பிணிக்குக் கால் வீங்கினால் டாக்டர்கள் சும்மா நீர் மாத்திரை எழுதாததும் இதனால்தான்.

ஆகவே ஒன்றே ஒன்று சொல். பிரஷர் எவ்வளவு? மேலே ஒரு எண், கீழே ஒரு எண், இரண்டும் வேண்டும். 140, 90. இதில் எது ஒன்றைத் தொட்டாலும், தாண்டினாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் பேச வேண்டும். 160 அல்லது 110 என்றால் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை, கிளம்பிவிட வேண்டும். பேறுகாலம் பார்க்கிற நர்ஸ், அந்த மிட்வைஃப், ஒவ்வொரு தடவையும் சிறுநீரில் ஒரு பட்டையை முக்கிப் பார்ப்பாரே, அது புரதம் இறங்குகிறதா என்று பார்ப்பது. 34 வாரச் செக்கப் முடிந்ததா? முடிந்தது என்று அம்மாவிடம் சொன்னாயாம், தேதி கேட்டதற்குப் பேச்சை மாற்றினாயாம்.

பெரியத்தை விஷயத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் படம் ஏன் அந்தச் சுவரில் இருக்கிறது என்று உனக்குத் தெரியும்.

அடுத்தது அந்த டீ. போன வாரம் குரூப்பில் ஒரு படம் போட்டிருந்தாய், ஜன்னலோரம் கப், பக்கத்தில் ஊதா நிற டப்பா. எல்லாரும் ஜன்னலுக்கு வெளியே இருந்த பூவைப் பற்றிப் பேசினார்கள். நான் படத்தைப் பெரிதாக்கி டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தேன். முதல் சரக்கே லிக்கரிஸ் வேர். அதிமதுரம் அம்மா அது! சர்க்கரை போடாமலே தித்திக்கிறது என்று நீ எழுதியிருந்தாயே, அந்தத் தித்திப்பே அதுதான். நம் கடையில் ஒடித்தால் உள்ளே மஞ்சள் நாராகத் தெரியும் அந்தக் குச்சியைச் சின்ன வயதில் வாயில் அதக்கிக்கொண்டே ஹோம்வொர்க் எழுதுவாய். இருமலுக்கு அதைப் போல ஒன்று கிடையாது. ஆனால் அதில் கிளைசிரைசின் என்று ஒரு சத்து இருக்கிறது. அது உடம்பில் உப்பையும் நீரையும் பிடித்து வைக்கும், பொட்டாசியத்தை வெளியேற்றும், பிரஷரை ஏற்றும். யாருக்கும் அதிகம் ஆகாது, மாசமாக இருக்கிறவளுக்குச் சுத்தமாக வேண்டாம். அங்கே இங்கிலாந்திலேயே அதிமதுர வேர் மருந்தைக் கர்ப்பிணிகள் தவிர்க்கச் சொல்கிறார்கள், மூலிகை டீ எதுவானாலும் ஒரு நாளைக்கு நாலு கப்புக்கு மேல் வேண்டாம் என்கிறார்கள். நீ எத்தனை கப் குடிக்கிறாய்? ஒருபக்கம் அதிமதுரத்தைக் குடித்து நீரைக் கட்டிவிட்டு, இன்னொருபக்கம் நீர்முள்ளி கேட்டு ஆளனுப்புகிறாய். இருமலுக்கென்று வைகாசியில் அம்மா கொடுத்தனுப்பிய பொடியிலும் அதிமதுரம் உண்டு, அதையும் எடுத்து வைத்துவிடு.

கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே. பத்து வயதில் கண்ணை மூடிக்கொண்டு சித்தரத்தை எது, பேரரத்தை எது என்று வாசனையில் சொன்னவள் நீ. வடக்கு ரத வீதியில் அதைச் சொல்லாத நாள் கிடையாது, இப்போதும் பழைய ஆட்கள் வந்தால் "மூக்குக்காரப் பிள்ளை எப்படி இருக்கு?" என்றுதான் கேட்கிறார்கள். அப்பேர்ப்பட்டவள் ஒரு டப்பாவைத் திருப்பிப் படிக்கவில்லையே என்பதுதான் ஆற்றாமை.

ராஸ்ப்பெர்ரி இலை டீ பற்றிக் கேட்டிருந்தாய். எனக்கு அந்தச் செடி பழக்கமில்லை. நீ அனுப்பிய கட்டுரையைக் கடைப் பையன் படித்துச் சொன்னான். ஆஸ்திரேலியாவில் 192 பேரை வைத்துப் பார்த்து 2001இல் வெளியிட்டிருக்கிறார்கள், 32 வாரத்திலிருந்து மாத்திரையாகக் கொடுத்திருக்கிறார்கள். கெடுதல் ஒன்றும் தெரியவில்லை, பிரசவ வலி நேரம் பெரிதாகக் குறைந்ததாகவும் இல்லை. அவ்வளவுதான். பிரஷர் சரியாக இருந்து, மிட்வைஃபும் சரி என்றால் குடித்துக்கொள், பிரஷர் தெரியாமல் வேண்டாம்.

மலச்சிக்கல் என்று அம்மாவிடம் சொன்னாயாம். அதற்கும் அங்கே ஒரு டீ விற்பார்கள், உடம்பு இளைக்க என்று சொல்லியும் விற்பார்கள். பெரும்பாலும் வயிற்றை இளக்கும் நிலாவாரை இலை இருக்கும். நம் பக்கம் விளைந்து தூத்துக்குடியில் கப்பல் ஏறிப் போகிற சரக்குதான், உலகம் பூராவும் திருநெல்வேலி பெயரைச் சொல்லித்தான் விற்கிறார்கள். ஊர்ச் சரக்கு என்று நீயாக வாங்கிக் குடிக்காதே, கேட்டுக்கொண்டு குடி. உலர்ந்த திராட்சையை ராத்திரி ஊறப்போட்டுக் காலையில் தின்று பார், தண்ணீர் நிறையக் குடி. இரும்புச் சத்து மாத்திரையாலும் சிக்கல் வரும், அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதே. ஆனால் மாத்திரையோடு டீ குடிக்காதே, ஒரு மணி நேரமாவது இடைவெளி விடு, டீயின் துவர்ப்பு இரும்பை உடம்பில் சேரவிடாது.

சம்பந்தியம்மா ரத்தம் ஊற ஏதோ செந்தூரம், உலோகத்தைப் புடம் போட்டு எடுக்கிற மருந்து, வாங்கி அனுப்புவதாகச் சொன்னார்கள். அவர்கள் ஆசையாகச் சொல்கிறார்கள், நீ முகம் முறிக்காமல் வாங்கி வைத்துக்கொள், சாப்பிடாதே. நியூயார்க்கில் 2011-12இல் ஆறு கர்ப்பிணிகளுக்கு ரத்தத்தில் ஈயம் ஏறியிருந்தது, விசாரித்தால் எல்லாரும் இந்தியாவிலிருந்து வந்த ஆயுர்வேத மாத்திரை சாப்பிட்டவர்கள். மருந்து விற்கிற நானே சொல்கிறேன், உலோகம் சேர்ந்த எதுவும் இப்போது வேண்டாம். குங்குமப்பூவும் அனுப்புவார்கள். பாலில் ரெண்டு இழை போட்டுக் குடிப்பதில் தப்பில்லை, பிள்ளை நிறம் அதனால் மாறப்போவதில்லை, உன் நிறத்தில் பிறந்தால் எனக்குச் சந்தோஷம்.

விளக்கெண்ணெய் மட்டும் தொடாதே. நாள் தள்ளிப்போனால் யாராவது சொல்வார்கள், அங்கேயும் சொல்வார்கள். குடல் முறுக்கிக்கொண்டு போகும், கர்ப்பப்பையும் சுருங்கும். வலி வந்தாலும் வரும், வராமல் பேதியாகி உடம்பில் நீர் வற்றி நீ துவண்டு கிடப்பதும் நடக்கும். 41 வாரம் ஆனால் வலி வரவைப்பது பற்றி அவர்களே உன்னிடம் பேசுவார்கள், அங்கே பிள்ளையின் துடிப்பைப் பார்த்துக்கொண்டே செய்வார்கள்.

சீரகக் கஷாயம் வைத்துக்கொள்ளலாம். சீரகத்தை வெறும் சட்டியில் பொரியவிட்டுத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்து, துண்டுக் கருப்பட்டி போட்டு இளஞ்சூட்டில் குடி. பேறுகால வலியில்லாத வெறும் சூட்டு வலி என்றால் அமர்ந்துவிடும் என்பார்கள், எனக்கும் அதில் நம்பிக்கை உண்டு. ஆனால் நீர்க்குடம் உடைந்தாலோ, உதிரம் பட்டாலோ, 37 வாரம் ஆகுமுன் வலி விட்டுவிட்டு வந்தாலோ கஷாயத்தை வைத்து சோதனை பண்ணிக்கொண்டிருக்கக் கூடாது. பிள்ளை அசைவும் அப்படித்தான். கடைசி மாதத்தில் இடம் இல்லாமல் அசைவு குறையும் என்று உன் சித்தி சொல்வாள், அது சரியில்லை, கடைசிவரை அசைவு அப்படியே இருக்க வேண்டும். குறைந்த மாதிரித் தோன்றினால் விடியட்டும் என்று பார்க்காதே, அந்த நேரமே போன் பண்ணு. ராத்திரி என்று கூச்சப்படாதே.

தலைவலி இருக்கிறதா? மாத்திரைக்கும் போகாத தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது, நெஞ்சுக்குழிக்குக் கீழே விலா ஓரம் வலி, முகமும் கையும் திடீரென்று ஊதி மோதிரம் கழற்ற முடியாமல் போவது. இதில் ஒன்று இருந்தாலும் இந்தக் கடிதத்தைப் பாதியில் வைத்துவிட்டுப் போன் பண்ணு, எனக்கு அப்புறம் சொல்லலாம். அந்தப் படத்தில் உன் கையில் மோதிரம் இல்லை, தாயி. அதைப் பார்த்ததிலிருந்துதான் எனக்குத் தூக்கமில்லை.

மாப்பிள்ளையிடம் சொல்லி ஒரு பிரஷர் மெஷின் வாங்கு. மேல்கையில் பட்டை கட்டுகிறது வாங்கு, மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், கர்ப்பிணிக்குச் சரியாகக் காட்டுமா என்று கேட்டு வாங்கு. ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார்ந்து, கால் இரண்டையும் தரையில் ஊன்றிக்கொண்டு பார். மிட்வைஃபிடம் நீ குடித்தது எல்லாவற்றையும் சொல், டப்பாவையும் பொடியையும் கையோடு கொண்டுபோய்க் காட்டு.

இங்கே ஆடிப்பூரத்துக்குக் காந்திமதி அம்மனுக்கு வளைகாப்பு நடந்தது. கூட்டத்தில் நின்று அம்மா உனக்கு வளையல் வாங்கி வந்தாள், பார்சலில் பஞ்சு சுற்றி வைத்திருக்கிறது. கடை பரவாயில்லை. அம்மாவின் விசா வந்துவிட்டது, ஆவணியில் வருகிறாள். பேறுகால மருந்துக்குச் சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டந்திப்பிலி, ஓமம், சதகுப்பை எல்லாம் நானே பார்த்துப் பொறுக்கிக் காயவைத்துவிட்டேன், உடன்குடிக் கருப்பட்டியும் சொல்லியாயிற்று. அது பிள்ளை பிறந்த பிறகுதான், அதையும் அங்கே ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டுதான். வெந்தயக் களியும் அப்புறம்தான். பேறுகால நேரத்தில் வெந்தயம் நிறையக் குடித்தால் பிறக்கிற பிள்ளை மேலும் அந்தத் தித்திப்பு வாசனை வரும், அதை ஏதோ பிறவி நோய் என்று நினைத்து டாக்டர்கள் குழம்பியது உண்டு.

மறைக்காதே பேச்சி. எண் கூடுதலாக இருந்தால் நான் பயப்படுவேன் என்றுதானே மறைக்கிறாய். தெரியாமல் இருந்தால் இன்னும் பயப்படுகிறேன். அதற்கு அங்கே மாத்திரை இருக்கிறது, பார்க்க ஆள் இருக்கிறார்கள், பெரியத்தை காலம் இல்லை இது. இடதுபக்கம் ஒருக்களித்துப் படு. அதிமதுரத்தை நிறுத்து. பிரஷரைப் பார்த்து ரெண்டு எண்ணையும் எனக்கே அனுப்பு, அம்மாவிடம் சொல்லி அனுப்பாதே.

அன்புடன்,
அப்பா

அம்மாவுக்கு ஒரு நல்ல ஸ்வெட்டரும் காலுறையும் வாங்கி வை. அவள் வாய் திறந்து கேட்கமாட்டாள், இப்போதே குளிரைப் பற்றி என்னிடம் ரெண்டு தடவை விசாரித்துவிட்டாள்.