செருப்பு என்றே எழுதலாமே

ஆசிரியருக்கு வணக்கம்.

பொதுக்கூட்டத்தில் யார்மீதாவது செருப்பு வீசப்பட்டால், அதைக் 'காலணி வீச்சு' என்று எழுதுவது நாளிதழ்களில் வழக்கமாகிவிட்டது. கூட்டத்தில் நின்றிருந்த எவரும் அப்படிச் சொல்வதில்லை. கடலூரில் சாலையோரம் குடை நட்டு அமர்ந்து செருப்புத் தைப்பவரிடம், 'என் காலணியின் வார் அறுந்துவிட்டது' என்று சொல்லிப் பாருங்கள். ஊசியைப் பாதியில் நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். செருப்பு என்ற சொல்லை வாயால் சொல்லத் தயங்குவதற்கான காரணம் சொல்லில் இல்லை. தோலைத் தொட்டுத் தொழில் செய்தவர்களை இழிவாக எண்ணியதோடு, செருப்பணிந்து ஊர்த்தெருவில் நடக்கக் கூடாதென்று ஒரு சாராரைத் தடுத்தும் வைத்த சாதி வழக்கத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

சங்கப் புலவர்களிடம் இந்தக் கூச்சம் காணப்படவில்லை. பகைவருக்கு ஓயாத உறுத்தலாக இருக்கும் வீரனைப் பாடும் புறநானூற்றின் 257ஆம் பாடல், 'செருப்பிடைச் சிறுபரல் அன்னன்' என்றே தொடங்குகிறது. வாருக்கும் பாதத்துக்கும் இடையே பரற்கல் புகுந்த நிலையில் நாலடி நடந்தவர்களுக்கு இதற்கு உரை தேவைப்படாது. பதிற்றுப்பத்தில் இதைவிடச் சுவையான இடம் ஒன்று உண்டு. பூழியர் நாட்டில் செருப்பு என்ற பெயரிலேயே ஒரு மலை இருந்தது. அம்மலைக்குரிய சேரனைப் பாடவந்த பாலைக் கௌதமனார், கேட்பவர் வேறு பொருள் கொண்டுவிடாதபடி, காலால் மிதிக்கும் செருப்பு அன்று என்னும் பொருளில் அடைமொழி சேர்த்து, 'மிதியல் செருப்பின் பூழியர் கோவே' என்று விளிக்கிறார். மன்னனின் முகத்துக்கு நேரே சொல்வதற்கு ஏற்ற சொல்லாகவே அது அன்று இருந்திருக்கிறது.

பேச்சிலும் இச்சொல் பல இடங்களில் புழங்குகிறது. புதுச்செருப்பு கடிக்கிறது, கண்ணேறு படாமலிருக்க லாரியின் பின்னால் பழஞ்செருப்பு தொங்குகிறது, தரையோடு படரும் செருப்படை என்னும் பூண்டு சித்த மருத்துவத்தில் மருந்தாகிறது. வடமொழிப் பாதுகைக்கு மட்டும் எந்தக் குறையும் நேரவில்லை. நம் திருவந்திபுரத்தில் நெடுங்காலம் வாழ்ந்த வேதாந்த தேசிகர், அரங்கனின் பாதுகைகளைப் போற்றி 1008 சுலோகங்கள் இயற்றியிருக்கிறார். பெருமாள் கோயில்களில் அத்திருவடி நிலையையே சடாரியாகத் தலையில் ஏற்றுக்கொள்கிறோம். அதே பொருளுக்குரிய தமிழ்ச்சொல்லைக் கேட்டதும் முகம் சுளிப்பானேன்?

காலணி என்னும் சொல்லே கூடாது என்று நான் வாதிடவில்லை. ஷூ, செருப்பு, சிலிப்பர் அனைத்தையும் சேர்த்துச் சொல்ல அது வசதியான சொல்தான். ஆனால், 'காலனிகளை இங்கே விடவும்' என்று குடியிருப்புகளையே கழற்றி வைக்கச் சொல்லும் அறிவிப்புப் பலகைகளைக் காணும்போது, பழக்கமான சொல்லை விட்டதன் பலன் தெரிகிறது. வீசப்பட்டது செருப்பு என்றால் செய்தியிலும் அது செருப்பாகவே இருக்கும்படி, தங்கள் செய்தியாளர்களுக்கும் பிழை திருத்துநர்களுக்கும் அறிவுறுத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.