அறுவை சிகிச்சையில் எடுத்த திசு எங்கே போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகளுக்கு வரும் அரிய நோய்கள் பற்றி நீங்கள் வெளியிட்ட சிறப்புப் பக்கத்தை ஒரு வரி விடாமல் படித்தேன். பெற்றோரின் கண்ணீர், மருந்தின் விலை எல்லாம் இருந்தது. இந்த நோய்களின் காரணத்தை யார், எதை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள் என்பது மட்டும் இல்லை.

என் பேரனுக்கு ஸ்டர்ஜ்-வெபர் நோய். இடது நெற்றியிலும் இமையிலும் பிறவியிலேயே கருஞ்சிவப்பு மச்சம். அதே பக்கத்து மூளையை மூடியிருக்கும் சவ்விலும் ரத்தக்குழாய்கள் தாறுமாறாகப் பின்னிக்கிடந்தன. தவழும் முன்பே வலிப்பு வந்தது. வலது கையும் காலும் பலவீனம், கண் அழுத்தத்துக்குத் தனியே சொட்டு மருந்து. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் என் மருமகளிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "மாசமா இருக்கும்போது என்னம்மா பண்ணின?"

நான் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். மருத்துவம் படித்ததில்லை, ஆனால் எண் இருக்கிற இடத்தில் எனக்குப் பயமில்லை. மருமகளிடம் கேட்ட அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் படிக்கத் தொடங்கினேன்.

1879இல் வில்லியம் ஆலன் ஸ்டர்ஜ் என்ற ஆங்கிலேய மருத்துவர், முகத்தில் இப்படி மச்சமும் உடம்பின் எதிர்ப்பக்கத்தில் வலிப்பும் இருந்த ஒரு சிறுமியைப் பரிசோதித்தார். தோலில் தெரிவது மூளையிலும் இருக்கவேண்டும் என்று ஊகித்தார். எக்ஸ்ரேகூட வராத காலம் அது! 1987இல் ருடால்ஃப் ஹாப்பிள் என்ற ஜெர்மானியத் தோல் மருத்துவர், இது பெற்றோர் வழியாக வருவதில்லை, கரு உருவான பிறகு ஏதோ ஒரு செல்லில் நேரும் மாற்றமாக இருக்கும் என்றார். அதுவும் ஊகம்தான். நிரூபணம் வந்தது 2013இல். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் உள்ள கென்னடி க்ரீகர் நிறுவனத்தின் ஆன் கோமி, ஜொனாதன் பெவ்ஸ்னர் ஆகியோரின் குழு, இந்த நோயுள்ள 26 பேரின் பாதிக்கப்பட்ட திசுவைச் சோதித்தது. 23 பேருக்கு ஜி.என்.ஏ.கியூ. என்ற மரபணுவில் ஒரே இடத்தில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது.

26 என்பது சிறிய எண்ணாயிற்றே என்று என் மாணவர்கள் கேட்டிருப்பார்கள். 23 பேருக்கும் அதே எழுத்து, அதே இடம் என்றால் தற்செயலுக்கு இடமில்லை. எனக்கு இன்னும் பிடித்த கணக்கு வேறு. பாதிக்கப்பட்ட திசுவிலேயேகூட அந்த மரபணுவின் பிரதிகளில் 1 முதல் 18 சதவீதம்தான் மாறியிருந்தன. அதாவது மாறிய செல்லும் மாறாத செல்லும் கலந்தே கிடக்கின்றன. கையில் ரத்தம் எடுத்துச் சோதித்தால் பொதுவாக ஒன்றும் தெரியாது. தோலோ மூளையோ, பாதித்த இடத்துத் திசுவே வேண்டும்.

இந்த விடையை மருமகளிடம் சொன்னபோது அவள் அதிகம் பேசவில்லை. அப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்டவர்களுக்கு நானே போன் போட்டுச் சொன்னேன். பரம்பரையும் இல்லை, அவள் செய்த எதுவும் காரணமும் இல்லை என்று.

சரி, திசுவுக்கு வருவோம். மருந்துகள் கேட்காமல் போனதால் பேரனுக்கு மூளையில் அறுவை சிகிச்சை நடந்தது. வலிப்பு நின்றிருக்கிறது. எத்தனையோ படிவங்களில் கையெழுத்து வாங்கினார்கள். எடுத்த திசுவை ஆராய்ச்சிக்குத் தரச் சம்மதமா என்று ஒருவரும் கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பும் எங்களுக்குத் தரப்படவில்லை. ஸ்டர்ஜின் ஊகம் 134 ஆண்டு காத்திருந்தது இப்படிப்பட்ட திசுவுக்கும் அதைப் படிக்கும் கருவிக்கும்தானே? பாதி வேலையைக் கருவி செய்துவிட்டது. மீதி, கேட்பதில் இருக்கிறது.

காரணம் கிடைத்தாலும் அந்த மாற்றத்தைச் சரிசெய்யும் மருந்து இன்னும் இல்லை. குறைந்த அளவு ஆஸ்பிரின் தருகிறார்கள். உறுப்பு மாற்று நோயாளிகளுக்குத் தரும் சிரோலிமஸை மிகச் சிலரிடம் மட்டும் சோதித்திருக்கிறார்கள். காரணத்தைக் கண்டுபிடிக்க 26 பேர் போதும். மருந்து வேலை செய்கிறதா, வலிப்பு தானாகக் குறைந்ததா என்று பிரித்துச் சொல்ல அது போதாது. எந்த ஒரு மருத்துவமனைக்கும் இந்த நோயாளிகள் அத்தனை பேர் வரப்போவதில்லை. எனவே பல மருத்துவமனைகள் ஒரே பதிவேட்டில் விவரங்களைச் சேர்க்கவேண்டும். குழந்தையின் பெயர் வெளியே போகாது என்ற உறுதி, விளங்கும் மொழியில் படிவம், ஆராய்ச்சியில் தெரிந்ததை எங்களுக்கும் திருப்பிச் சொல்லும் வழக்கம், இவை இருந்தால் பெரும்பாலான பெற்றோர் சம்மதிப்பார்கள் என்றே நினைக்கிறேன். பயமுறுத்துவது ஆராய்ச்சி இல்லை, யாரும் எதுவும் சொல்லாமல் இருப்பதுதான்.

நோயியல் ஆய்வுக்கு அனுப்பும் திசுவை மெழுகில் பதித்துப் பல ஆண்டுகள் வைத்திருப்பார்களாம். பேரனுடையதும் எங்காவது இருக்கக்கூடும். அது இருக்கிறதா, ஆராய்ச்சிக்குப் பயன்படுமா என்று கேட்டு மருமகள் அந்த மருத்துவமனைக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள். பதில் வரவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவர்