பரிசுப் பட்டியலில் இல்லாத பெயர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே அனைவரும் நலம். அப்பாவின் முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. நீ போனில் பேசியபோது அலுவலகத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தாய். எழுத்தாளர் சுஜாதாவைப் பற்றி நீ கேட்டதற்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். அது மனத்தில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

“ஜனரஞ்சக எழுத்தாளர்தானே அம்மா, சாகித்ய அகாதமி விருதுகூட வாங்கவில்லையே” என்றாய். வாங்கவில்லை. 2008 பிப்ரவரி 27 அன்று அவர் மறையும்வரை அந்த விருது அவரைத் தேடி வரவே இல்லை. ஆனால் ஜனரஞ்சகம் என்பதைக் காரணமாகச் சொல்ல முடியாது. தொடர்கதைகளால் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்த கல்கிக்கு, அவர் காலமான பிறகு 1956-ல் ‘அலை ஓசை’க்காக அதே விருதைக் கொடுத்தார்கள். சுஜாதாவுக்கு 1993-ல் கிடைத்தது, அறிவியலை மக்களிடம் கொண்டு சேர்த்ததற்கான தேசிய விருது. தமிழக அரசு கலைமாமணி கொடுத்தது. அவருடைய சிறுகதைகளுக்காக அகாதமி ஒரு முறையாவது அவரை அழைத்திருக்க வேண்டும். இதில் எனக்கு இன்றும் ஆதங்கம் உண்டு.

‘நகரம்’ என்ற கதையை நீ இன்னும் படிக்கவில்லை என்று நினைக்கிறேன். கிராமத்திலிருந்து வள்ளியம்மாள் தன் மகள் பாப்பாத்தியைக் காய்ச்சலோடு மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வருகிறாள். மூளைக்காய்ச்சல், உடனே சேர்க்க வேண்டும் என்கிறார் பெரிய டாக்டர். அந்த உத்தரவுக்கும் ஒரு படுக்கைக்கும் நடுவே எத்தனை அறைகள், எத்தனை வரிசைகள், எத்தனை சீட்டுகள்! அங்கே யாருமே கெட்டவர்கள் இல்லை. அவரவர் மேசையில் அவரவர் வேலையைத்தான் செய்கிறார்கள். அவளுக்குத்தான் வழி தெரியவில்லை. கடைசியில் மகளைத் தூக்கிக்கொண்டு ஊருக்கே திரும்பிவிடுகிறாள்.

அந்தக் கதையைப் படித்தபோது நான் தாலுகா அலுவலகத்தில் தபால் பிரிவில் இருந்தேன். பட்டா மாறுதல், வருமானச் சான்று, முதியோர் உதவித்தொகை என்று நாள் முழுவதும் மனுக்கள் வரும். அதன்பிறகு, கையில் காகிதத்தோடு சுற்றுமுற்றும் பார்த்து விழிக்கும் யாரைக் கண்டாலும் எனக்கு வள்ளியம்மாள்தான். “அந்த அறைக்குப் போங்கள்” என்று கை காட்டிவிட்டு உட்கார்ந்திருக்க மனம் வராது. எழுந்து கூடவே போவேன். ஓய்வு பெறும்வரை அந்தப் பழக்கம் விடவில்லை. ஒரு சிறுகதை இதைச் செய்திருக்கிறது, பாப்பா. எந்தப் பரிசுக் குழுவின் பதிவேட்டில் இதை எழுதுவார்கள்?

இன்னொன்று. அவர் கதைகளில் வரும் வக்கீல்கள் கணேஷும் வசந்தும் துப்பறிவதற்காகத்தான் நாங்கள் குமுதத்துக்கும் விகடனுக்கும் காத்திருந்தோம். அதே மனிதர் கணையாழி என்ற சிறு பத்திரிகையின் கடைசிப் பக்கத்திலும் எழுதிக்கொண்டிருந்தார். கொலைக்கதைக்காக அவர் பின்னால் போனவர்களைப் புதுக்கவிதைக்கும் சங்கப் பாடலுக்கும் அழைத்துப் போனார். நான் புறநானூற்றைப் பயமில்லாமல் திறந்தது அவருடைய எளிய அறிமுகத்தால்தான். பாடலாசிரியர் நா. முத்துக்குமார் சினிமாவில் பெயர் பெறுவதற்கு முன்பே அவருடைய ‘தூர்’ கவிதையைச் சுஜாதா மேடையில் வாசித்துப் பாராட்டினார். கிணற்றில் தூர்வாருவதில் தொடங்கி ஓர் அம்மாவின் மனத்தில் வந்து நிற்கும் கவிதை அது, அவசியம் படி. தனக்குக் கிடைத்த கூட்டத்தை இப்படி அடுத்தவர் வீட்டு வாசலுக்கு அனுப்பிவைத்த பிரபல எழுத்தாளர்கள் அதிகம் பேர் இல்லை.

எழுதியதில் பெரும்பகுதியைப் பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் முழுநேரப் பொறியாளராக வேலை பார்த்துக்கொண்டே செய்தார். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதிலும் அவருக்குப் பங்கு உண்டு. ஜூனியர் விகடனில் ‘ஏன்? எதற்கு? எப்படி?’ வந்த காலத்தில் உன் மாமா பொறியியல் படிக்க வேண்டும் என்று அடம்பிடித்தது உனக்குத் தெரியாது. தாத்தாவுக்கு அவனை ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்பத்தான் விருப்பம். அந்தக் கேள்வி பதில் பக்கங்களைக் கத்தரித்துத் தைத்து நோட்டுப் புத்தகம் போல வைத்திருந்தான்.

அவர் எழுதியது எல்லாமே உயர்ந்தது என்று உன்னிடம் வாதாட மாட்டேன். வாரா வாரம் அச்சுக்குப் போகும் அவசரம் பல தொடர்களின் முடிவில் தெரியும். பெண்களை அவர் வர்ணிக்கும் சில இடங்களில் எனக்குக் கோபமே வரும். வசந்தின் பேச்சை நீ இன்று படித்தால் புத்தகத்தை மூடி வைத்துவிடுவாய். அந்தக் கோபம் நியாயமானது. உன் தோழிகளிடம் அதை நீயே முதலில் சொல். சொல்லிவிட்டு ‘நகர’த்தை அவர்கள் கையில் கொடு.

தேர்ந்தெடுத்த சிறுகதைகளின் தொகுப்பைத் தம்பியிடம் கொடுத்து அனுப்புகிறேன். ‘நகரம்’ இருக்கும் பக்கத்தில் அடையாளம் வைத்திருக்கிறேன். அதோடு பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் வருகின்றன. படித்ததும் எனக்கு எழுது. போனில் வேண்டாம், எழுத்தாகவே வேண்டும்.

அன்புடன்,
அம்மா