பாலத்துக்குக் கீழே ஒரு புள்ளி

பாம்பன்,
மே மாதம், ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. தடைக்காலம் என்பதால் உடனே எழுத முடியவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. மராமத்து, பெயிண்ட், பெயர், பதிவு எண் எல்லாம் இதற்குள் முடிந்தாக வேண்டும். ஸ்டிக்கர் கடைக்காரனுக்கு இதுதான் அறுவடை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது கரையில் நிற்கிற படகின் பெயரைத் திண்ணையிலிருந்தே வாசிக்கிறார். உனக்கு நெத்திலிக் கருவாடு எடுத்து வைத்திருக்கிறார்.

படத்தைப் புள்ளி புள்ளியாக வைக்காமல் கோடும் வளைவுமாகக் கணக்கில் வைத்திருக்கிற எஸ்விஜி ஃபைலை எல்லா பிரவுசரும் காட்டுகிறதே, இன்னும் என்ன வருத்தம் என்று கேட்டிருந்தாய். பிரவுசரைப் பொறுத்தவரை நீ சொல்வது சரி. அதற்கே எத்தனை வருஷம் ஆனது பார். 2001-லேயே எஸ்விஜிக்கான தரம் வெளிவந்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 2005-ல் 1.5 பதிப்பில் சேர்த்துக்கொண்டது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 2011-ல், ஒன்பதாம் பதிப்பில்தான் வந்து சேர்ந்தது. அதுவரை அடோபியின் செருகுநிரலைப் போட்டுக்கொண்டு பார்த்தவர்கள் நாம். என் வருத்தம் பிரவுசருக்கு வெளியே இருக்கிறது. போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன்.

தங்கச்சிமடத்துப் படகுக்காரர் ஒருவர் பழைய ரயில் பாலத்தின் படம் வேண்டும் என்று வந்தார். 1914-ல் திறந்த அந்தப் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுவிட்டது. தூக்கு இறக்கை இரண்டும் விரிந்து நிற்கிற கோலத்தில், படகின் கேபின் பக்கவாட்டில் ஆறடிக்கு ஒட்ட வேண்டும். கல்லூரியில் படிக்கும் அவர் மகளே இங்க்ஸ்கேப் என்கிற வரைகலை மென்பொருளில் எஸ்விஜியாக வரைந்திருந்தாள். அந்த ஃபைல் அப்பாவின் போனுக்குப் போனதும் திறக்கவில்லை. அவர் கேட்டதால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பியிருக்கிறாள். அவர் எனக்கு அனுப்பினார். இரண்டு கை மாறியதில் படம் சுருங்கி, கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டி, ஓரமெல்லாம் கலங்கிப்போய் வந்தது.

ஸ்டிக்கர் வெட்டுகிற ப்ளோட்டர் மிஷினைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிளேடு போக அதற்குக் கோடு வேண்டும், புள்ளிக் கூட்டத்தை வைத்து அது என்ன செய்யும்? புள்ளிப் படத்தைத் தானாகவே கோடாக மாற்றும் ஆட்டோ ட்ரேஸ் போட்டுப் பார்த்தேன். இரும்புச் சட்டங்கள் கரையான் அரித்தது போல வந்தன. கடைசியில் இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு கம்பியாக நானே வரைந்தேன். பாலத்துக்குக் கீழே கறுப்பாக ஒன்று தெரிந்தது. என்னவென்று புரியவில்லை. ஒரு புள்ளியாகவே வைத்துவிட்டேன்.

வெட்டுவதற்கு முதல் நாள் சாயங்காலம் அந்தப் பெண் பென் டிரைவோடு கடைக்கு வந்தாள். மூல ஃபைலைத் திறந்தேன். 60 கேபி கூட இல்லை. பெரிதாக்கிக்கொண்டே போனேன். அந்தப் புள்ளி ஒரு வல்லம், மாப்பிள்ளை. அதில் சுக்கானைப் பிடித்தபடி ஒரு ஆள் நிற்கிறார், தலையில் துண்டு. "அது எங்க அப்பா" என்றாள். நான் வரைந்ததை அவளிடம் காட்டவே இல்லை.

எவ்வளவோ செய்யத் தெரிந்த போனுக்கு இது ஏன் முடியவில்லை என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். கஷ்டமான வேலை என்று சொல்ல முடியாது. எழுத்துரு என்பதே கோட்டுப் படம்தானே! ட்ரூடைப் என்கிற எழுத்துரு வகை 1991-ல் வந்தது. அன்றிலிருந்து 'ழ'வின் வளைவைக் கணக்காக வைத்துக்கொண்டு, கேட்ட அளவுக்கு அந்தந்த நேரத்தில் வரைந்து கொடுக்கிறது கம்ப்யூட்டர். ஆண்ட்ராய்டும் தன் ஐகான்களுக்கு 2014-லிருந்து வெக்டர் என்கிற கோட்டுப் படம்தான் வைத்திருக்கிறது. ஆனால் அது அதற்கென்று உள்ள தனி வடிவம், நம் எஸ்விஜியை மாற்றித்தான் உள்ளே கொண்டுபோக வேண்டும். விண்டோஸ் கோப்புறையில் இந்தப் படத்தின் சிறு உருவம் தெரிய வேண்டுமென்றால் பவர்டாய்ஸ் போல ஒரு மென்பொருளைத் தனியாகப் போட்டாக வேண்டும். லினக்ஸில் க்னோம் மேசைத்தளம் தானாகவே காட்டுகிறது. ஒருவரால் முடிந்தது மற்றவரால் ஏன் முடியாது?

பாதுகாப்பு என்று நீ சொல்வாய். எஸ்விஜி வெறும் எழுத்தால் ஆன ஃபைல், அதற்குள் ஸ்கிரிப்டை, அதாவது தானே ஓடுகிற நிரலை, ஒளித்து வைக்கலாம், அதனால் மின்னஞ்சல்காரர்கள் பயப்படுகிறார்கள். நியாயமான பயம்தான். ஆனால் வலைப்பக்கத்தில் அதைச் சாதாரணப் படமாக வைக்கும்போது பிரவுசர் உள்ளே இருக்கும் ஸ்கிரிப்டை ஓட்டுவதில்லை, வெளியிலிருந்து எதையும் இழுப்பதும் இல்லை. வழி கண்டுபிடித்து, நடைமுறையிலும் இருக்கிறது. அதே கட்டுப்பாட்டோடு கேலரியும் மின்னஞ்சலும் அரட்டைச் செயலிகளும் காட்டினால் போதும்.

தமிழ் எழுத்து இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. நாம் போட்ட எழுத்துரு அடுத்தவர் கம்ப்யூட்டரில் இல்லையென்றால் வேறொன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் எழுத்தையும் கோட்டுப் படமாக மாற்றி, "கர்வ் பண்ணி அனுப்புங்க" என்று எல்லாரிடமும் சொல்கிறேன். அப்படிச் செய்தால் எழுத்து எழுத்தாக இராது, தேடினால் கிடைக்காது. அது பெரிய கதை, நேரில் பேசலாம்.

நம்ம ஊர் ஆசாரி வல்லத்தின் போட்டோவையா வைத்துக்கொண்டு அடுத்த வல்லம் கட்டுகிறார்? அளவும் வளைவும் அவர் கணக்கில் இருக்கிறது. இருபதடி கேட்டாலும் முப்பதடி கேட்டாலும் இழைத்துத் தருகிறார். அந்தப் பெண் வரைந்ததும் அப்படிப்பட்ட கணக்கு. வழியில் அதைப் போட்டோவாக்கிக் கெடுத்ததுதான் எனக்கு ஆறவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நீ எழுதுகிற செயலியில் படம் ஏற்றும் இடத்தில் ஜேபெக், பிஎன்ஜி மட்டும்தானே இருக்கிறது? எஸ்விஜியையும் சேர்க்கச் சொல்லி உங்கள் ஆட்களிடம் பேசு. ஸ்கிரிப்டை வடிகட்டிவிட்டு அப்படியே வாங்கிக்கொள்ளுங்கள், தயவுசெய்து புள்ளியாக மாற்றாதீர்கள்.

அவளிடம் கேட்டுவிட்டு அந்தப் படத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். ஆறடியும் ஒட்டியாயிற்று, அதே ஃபைலிலிருந்து அவர் பைக்குக்குக் கட்டைவிரல் அளவில் ஒன்றும் வெட்டிக் கொடுத்தேன். உன் போனில் திறக்காமல் போகலாம். கம்ப்யூட்டரில் பிரவுசருக்குள் இழுத்துப் போடு. இடது இறக்கைக்கு நேர் கீழே பெரிதாக்கிக்கொண்டே போ, துண்டு கட்டிய தலை தெரிகிற வரைக்கும்.

உன் மச்சான்