உலோகத்துக்கும் காய்ப்பு ஏறும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் மசகு எண்ணெய் குறித்து வெளிவந்த கட்டுரையை விருப்பத்துடன் படித்தேன். இயந்திரப் பராமரிப்பில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில், அதிலுள்ள ஒரே ஒரு வரியைப் பற்றி மட்டும் எழுத அனுமதி வேண்டுகிறேன். எண்ணெயில் கலக்கப்படும் சேர்பொருள்கள் ‘உலோகத்தின் மீது வண்ணப்பூச்சைப் போலப் படிந்து காக்கின்றன’ என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். உவமை எளிதாக மனத்தில் பதிகிறது என்பது உண்மைதான். ஆனால் பூச்சு என்று சொல்லிவிட்டால், கூடுதலாக ஊற்றினால் கூடுதலான பாதுகாப்பு கிடைக்கும் என்று படிப்பவர் முடிவுகட்டிவிடுவார். நடப்பது அதுவல்ல.

எந்திரம் சீரான வேகத்தில் சுழலும்போது அச்சுக்கும் தாங்கிக்கும் இடையே எண்ணெயே ஒரு மெத்தையாக நின்று இரண்டையும் பிரித்துவிடுகிறது. அப்போது சேர்பொருளுக்குப் பெரிய வேலை இல்லை. கிளம்பும்போதும் நிற்கும்போதும், பிஸ்டன் வளையம் மேல்முனையில் ஒரு கணம் நின்று திரும்பும்போதும், வால்வுகளை இயக்கும் கேம் என்ற உறுப்பின் மூக்கு, அதையடுத்த டாப்பெட்டை அழுத்தும்போதும் அந்த மெத்தை மெலிந்துபோகிறது. எவ்வளவு மெருகேற்றிய உருக்குப் பரப்பும் நுண்ணோக்கியில் மலைத்தொடராகத்தான் தெரியும். எண்ணெய் விலகிய நிலையில் மொத்தச் சுமையும் சில சிகரங்களின் நுனியில் போய் இறங்குகிறது. இந்த நிலைக்கு ‘எல்லை உயவு’ (உயவு என்றால் மசகிடுதல்) என்ற பெயரை 1922-இல் வழங்கியவர்கள் வில்லியம் ஹார்டி, ஐடா டபிள்டே என்ற ஆய்வாளர்கள். சேர்பொருள்களின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

அவற்றுள் எளிமையானவை ஒலியிக் அமிலம் போன்ற கொழுப்பு அமிலங்கள். மூலக்கூறின் ஒரு முனை உலோகத்தைப் பற்றிக்கொள்ள, நீண்ட வால்கள் புல்தரைபோல நெருங்கி நிமிர்ந்து நிற்கின்றன. ஏறத்தாழ 2 நானோமீட்டர் உயரமே உள்ள இந்த ஒற்றை அடுக்கு உராய்வைக் குறைக்கும். வெப்பம் ஏறினால் பிடி தளர்ந்து கலைந்துவிடும்.

தேய்மானத்தைத் தடுப்பதில் இன்றுவரை முதலிடம் வகிப்பது துத்தநாக டைஆல்கைல் டைதயோபாஸ்பேட், தொழில்முறையில் இசட்.டி.டி.பி. என்றால்தான் எல்லோருக்கும் புரியும். எண்ணெய் கெடாமலும் தாங்கிகள் அரிக்கப்படாமலும் இருப்பதற்காகவே இது முதலில் சேர்க்கப்பட்டது என்பதும், தேய்மானத்தைத் தடுக்கும் குணம் பின்னரே தெரியவந்தது என்பதும் எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்திகள். இந்தப் பொருள் அப்படியே உலோகத்தில் ஒட்டிக்கொள்வதில்லை. உரசும் இடத்தில் அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் அதன் மூலக்கூறு சிதைந்து, துத்தநாக பாஸ்பேட்டாலான கண்ணாடி போன்ற ஒரு திடப்பொருளாக மாறி, திட்டுத்திட்டாக வளர்கிறது. அடியில் உருக்கை ஒட்டிய பகுதியில் கந்தகச் சேர்மங்கள் காணப்படுகின்றன. ஏறத்தாழ 100 நானோமீட்டர் கனத்தை எட்டியதும், அதாவது தலைமுடியின் கனத்தில் சில நூற்றில் ஒரு பங்குக்கு வந்ததும், வளர்ச்சி அடங்கிவிடுகிறது.

உரசாத பரப்பிலும் இப்படலம் உருவாகக்கூடும் என்றாலும், அதற்கு ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வெப்பம் வேண்டும். உரசும் தடத்திலோ அதைவிட மிகக் குறைந்த வெப்பத்திலேயே அது வளர்ந்துவிடுகிறது. இதற்குக் காரணம் உலோகமும் உலோகமும் தொட்டுக்கொள்வதுதான் என்று பலகாலம் கருதப்பட்டது. லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வு, பரப்புகள் தொடாத நிலையிலும், இடையிலுள்ள எண்ணெயின் இழுவிசை போதிய அளவு வலுவாக இருந்தால் படலம் வளர்கிறது என்று காட்டியது. மூலக்கூறைப் பிய்ப்பது அந்த இழுப்புதான்.

ஆகவே, உவமை வேண்டுமென்றால் உழைப்பவர் உள்ளங்கையில் ஏறும் காய்ப்பைச் சொல்லலாம். எங்கே உரசுகிறதோ அங்கே மட்டும், உரசலாலேயே அது உண்டாகிறது. தேய்ந்தால் மீண்டும் வளர்கிறது. உருக்கைவிட மென்மையான இப்படலம் தான் தேய்ந்து உருக்கைத் தேயாமல் காக்கிறது. தேய்மானத்தில் உதிரும் கடினமான இரும்பு ஆக்சைடு துகள்களையும் தனக்குள் கரைத்துக்கொள்கிறது. உவமை பொருந்தாத இடமும் உண்டு: காய்ப்புக்கான பொருளை உடலே தருகிறது, இங்கே அதை எண்ணெய் தரவேண்டும். எண்ணெயில் சேர்பொருள் தீர்ந்துபோனால், இருக்கும் படலம் சிறிது காலம் தாக்குப்பிடிக்கும், அவ்வளவே.

தேய்மானத்தைத் தடுப்பதும் உராய்வைக் குறைப்பதும் ஒன்றல்ல என்பதையும் கட்டுரை தவறவிட்டிருக்கிறது. மேடுபள்ளமான பாஸ்பேட் படலம் உராய்வைச் சற்றுக் கூட்டவே செய்கிறது. அதை ஈடுகட்டத்தான் மாலிப்டினம் கலந்த சேர்பொருள்கள். உரசும் நுனிகளில் அவை மாலிப்டினம் டைசல்பைடு தகடுகளாக மாறி ஒன்றன்மீது ஒன்று வழுக்குகின்றன.

அப்படியானால் ஏன் அள்ளி ஊற்றக்கூடாது? உலோகப் பரப்பில் இடம் பிடிக்க அழுக்கு நீக்கிகளும் உராய்வு குறைப்பான்களும் தேய்மானத் தடுப்பான்களும் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன; ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று வெளியே தள்ளப்படலாம். இசட்.டி.டி.பி.யிலுள்ள பாஸ்பரஸ் எரியறை வழியே சென்று புகைபோக்கியிலுள்ள வினையூக்கியைச் செயலிழக்கச் செய்வதால், பெட்ரோல் கார் என்ஜின் எண்ணெய்க்காகக் கார் தயாரிப்பாளர்கள் சார்ந்த ஐ.எல்.எஸ்.ஏ.சி. குழு வகுத்த தரக்குறிப்பு 2004 முதல் பாஸ்பரஸை 0.08 விழுக்காட்டுக்கு மேல் அனுமதிப்பதில்லை. குறைந்தது 0.06 விழுக்காடு இருந்தாக வேண்டும் என்றும் அதே தரக்குறிப்பு சொல்வதை, பாஸ்பரஸை நஞ்சாக மட்டும் பார்ப்பவர்கள் கவனிக்கவேண்டும்.

கூடுதல் எப்போதும் நன்மையல்ல என்பது கியர் எண்ணெயில் இன்னும் தெளிவாகத் தெரியும். பற்கள் கடுஞ்சுமையில் வழுக்கும்போது ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளாதிருக்க, கந்தகமும் பாஸ்பரஸும் உள்ள சேர்பொருள்கள் உருக்குடன் வினைபுரிந்து படலம் அமைக்கின்றன. கட்டுக்குள் வைக்கப்பட்ட அரிப்பு என்றே இதைச் சொல்லலாம். கியர் எண்ணெய்களை ஜி.எல். என்ற எழுத்துகளோடு எண்ணிட்டுத் தரவகைகளாகப் பிரிக்கிறார்கள்; ஜி.எல்-5 வகை எண்ணெயில் இவற்றின் அளவு ஜி.எல்-4 வகையைவிடப் பொதுவாக ஏறத்தாழ இருமடங்கு. உருக்குக்கு அது நன்மை. கியர்பெட்டியிலுள்ள பித்தளை, வெண்கல வளையங்களை அவற்றுள் சில அரித்துவிடக்கூடும். ஜி.எல்-4 ஊற்றச்சொல்லியிருக்கும் பெட்டியில் எண் பெரிதாக இருக்கிறதே என்று ஜி.எல்-5 ஊற்றியவர்களையும், பின்னர் அந்த வளையங்களைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர்களையும் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன். ‘பூச்சு’ என்ற அந்த ஒரு சொல்லைத் திருத்தி, கையேட்டில் குறித்த வகையையே ஊற்றவேண்டும் என்ற குறிப்பையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயந்திரப் பராமரிப்புப் பொறியாளர்