வரித்தலை வாத்துகள் வந்துவிட்டன

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கல்யாணம் முடிவானதில் எங்கள் இருவருக்கும் ரொம்பச் சந்தோஷம். தேதி குறித்ததும் சொல், முதல் ஆளாக வந்து நிற்கிறேன். எனக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது பரவாயில்லை. படிதான் ஏற முடியவில்லை, வரப்பில் நடக்கலாம். அந்தத் தைரியத்தில்தான் போன வாரம் நாங்குநேரி பக்கத்தில் இருக்கும் கூந்தன்குளத்துக்குப் பறவை பார்க்கப் போனேன்.

வரித்தலை வாத்துகள் வந்துவிட்டன, செல்வம்! மங்கோலியாவிலும் திபெத்திலும் குஞ்சு பொரித்துவிட்டு, இமயமலையைத் தாண்டி வருகிறவை. ஒரு வாத்தின் மேல் கருவி பொருத்திப் பார்த்ததில் அது 7,290 மீட்டர் உயரத்தில் பறந்தது பதிவாகியிருக்கிறது. அங்கே கிடைக்கும் பிராணவாயு தரைமட்டத்தில் கிடைப்பதில் பாதிகூட இல்லை. அதையும் இறுகப் பிடித்துக்கொள்ளும்படி அமைந்திருக்கிறது அதன் ரத்தம். அதிலும் ஒரே உயரத்தில் பறக்காதாம். பள்ளத்தாக்கு வந்தால் தாழ்ந்து, மலை வந்தால் ஏறி, நிலத்தை ஒட்டியே போகும். கீழே காற்று அடர்த்தி அதிகம், சிறகடிக்கிற பாடு குறைவு.

பகலெல்லாம் குளத்தில் கிடந்துவிட்டு, பொழுது சாயும்போது மேயக் கிளம்பின. அவை வயலில் இறங்குவதை நீ பார்க்க வேண்டும். வரிசையாக வந்த கூட்டம் கலைந்து, சில வாத்துகள் அந்தரத்திலேயே உடம்பை மல்லாத்திக்கொள்கின்றன. வயிறு மேலே, முதுகு கீழே. தலை மட்டும் நேராகவே இருக்கிறது. சிறகு பிடித்திருந்த காற்று நழுவ, கல் விழுகிற மாதிரி சரிந்து, தரைக்குக் கொஞ்சம் முன்னால் நிமிர்ந்து காலூன்றுகின்றன. அப்புறம் எல்லாம் குனிந்து மேய, ஒன்றிரண்டு மட்டும் கழுத்தை நீட்டிக் காவல் நிற்கின்றன. பெரிய வாத்துகளின் வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டை. இந்த வருஷத்துக் குஞ்சுகளுக்கு அந்தப் பட்டை இன்னும் விழவில்லை. தாய் தகப்பனை விட்டு விலகாமல் மேய்ந்துகொண்டிருந்தன.

அங்கே நின்றபோது தோன்றியதைச் சொல்கிறேன். குளத்தை 1994-ல் சரணாலயமாக அறிவித்தார்கள், பின்னால், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. நல்லதுதான். ஆனால் இவற்றின் வயிறு நிறைவது கரைக்கு வெளியே, யாரோ ஒருவர் கடன் வாங்கிப் பயிர் வைத்த வயலிலும் புல்தரையிலும். பறவைகள் மிரண்டுவிடக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர் அது. அந்த ஜனங்களின் பயிரில் வாத்து வாய் வைத்தால், அந்த நஷ்டம் அவர்கள் தலையில் மட்டும் விழக் கூடாது. உரிய பணம் தாமதமில்லாமல் கைக்கு வர வேண்டும். வயலை விட்டுவிட்டுக் குளத்தை மட்டும் காப்பாற்றினால் போதும் என்று எனக்குத் தோன்றவில்லை. நீ விவசாயம் பார்க்கிறவன், உன் எண்ணத்தை எழுது.

கல்யாண வேலை தொடங்கும் முன்னால் ஒரு நடை வந்துவிட்டுப் போ. கோடை பிறந்தால் வாத்துகள் வடக்கே கிளம்பிவிடும். நாங்குநேரியில் இறங்கு, நான் வந்து கூட்டிக்கொள்கிறேன். பைனாகுலர் என்னிடம் இருக்கிறது. தங்கச்சியிடமும் சொல், அவளும் வரட்டும்.

அன்புடன்,
ஆறுமுகம்